எச்சில் பண்ணாத குழந்தை

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ராஜகீழ்ப்பாக்கம் கிரவுண்டில் சேறு. ஸ்கூட்டர் வகுப்பு ரத்து. கற்றுக்கொள்ள வரும் பெண்கள் எல்லோருக்கும் மெசேஜ் போட்டாயிற்று. கங்கா அக்கா மட்டும் வாய்ஸ் அனுப்பினார்: "வித்யாம்மா, நான் சேத்துல வுழுந்தா எழுந்துப்பேன், நீ வா." பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்துப் பிடிக்கிற மனுஷி. வேண்டவே வேண்டாம்.

துணி காயவில்லை. யாழியின் சட்டைகள் எல்லாம் ஃபேனுக்கு அடியில்.

யாழிக்குக் காலையில் அரை இட்லி. பாலில் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டியது. வீட்டுக்காரர் தினேஷ் டைல்ஸ் கடைக்குக் கிளம்பி, சாவியை மறந்து திரும்பி வந்து, மறுபடி போனார். அப்போதும் கிண்ணம் பாதிதான் காலி. அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. பார்த்தால் இரண்டுகூடச் சொல்ல மாட்டார்கள். கெட்டியாக எது கொடுத்தாலும் தொண்டையில் நின்று, முகம் சிவந்து, வெளியே வந்துவிடும். மூச்சு விட்டால் கர் கர் என்று ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து.

அத்தை சோபாவில் உட்கார்ந்தபடி தீர்ப்பு சொன்னார், மாமியாருக்கே உரிய குரலில்: "அடம். சுத்த அடம். நீ கையில கிண்ணத்த வச்சிகினு பின்னாடியே ஓடறதால வந்தது."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர் வீட்டம்மா வந்தார். யாழி தண்ணீர் கேட்டாள். டம்ளரைத் தூக்கி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். எதிர் வீட்டம்மாவுக்கு ஆச்சரியம். "இவ்ளோ சின்னதுல எப்படி குடிக்குது பாருங்க! என் பேரன் டம்ளரையே கடிப்பான்."

"எங்க வூட்டுக் கொழந்த எச்சில் பண்ணாது" என்றார் அத்தை. அடம் பிடிப்பது என் வளர்ப்பு, அண்ணாந்து குடிப்பது இவர்கள் பரம்பரை. நன்றாக இருக்கிறது கணக்கு.

ப்ளே ஸ்கூல் மிஸ் மெசேஜ்: டிபன் பாக்ஸ் திறக்காமலே வருகிறதாம், வீட்டில் பழக்கவும். பழக்கவும்! நாய்க்குட்டியா?

நவம்பர் 5, புதன்

இருமல், லேசான ஜுரம். கர் கர் கூடியிருக்கிறது. முடிச்சூர் ரோட்டில் வழக்கமான டாக்டர். கூட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் மடியில் வைத்திருந்தேன்.

டா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெயிட் ஏறலையே. திரும்ப ப்ரைமரி காம்ப்ளக்ஸ் மாதிரி தெரியுது. மறுபடி கோர்ஸ் ஸ்டார்ட் பண்ணிடலாம்."

போன வருஷம் இதே பெயரைச் சொல்லித்தான் ஆறு மாதம் அந்த மருந்து. குழந்தை சாப்பிடவில்லை, இளைத்திருக்கிறது, இருமுகிறது என்றால் இந்த ஊரில் ஒரே பெயர், ப்ரைமரி காம்ப்ளக்ஸ். டி.பி.யின் சின்ன தம்பி மாதிரி ஏதோ ஒன்று. தெருவுக்கு ஒரு குழந்தைக்கு இருக்கிறது. அந்த மருந்தில் மூத்திரம் ஆரஞ்சாகப் போகும். முதல் நாள் ரத்தமோ என்று நான் அலறினது எனக்குத்தான் தெரியும். ஆறு மாதம் முடிந்தும் எடை ஏறவில்லை, சத்தம் போகவில்லை.

கேட்டேன்: "டாக்டர், போன தடவையே குணமாகலையே. டெஸ்ட் எதுவும் எடுக்காம எப்படி..."

"நீங்க என்ன பண்றீங்கம்மா?"

"லேடீஸுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறேன்."

"அப்ப நான் வந்து உங்களுக்கு பிரேக் எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லட்டுமா?"

காம்பவுண்டர் சிரித்தான். வெளியே உட்கார்ந்திருந்த ஒருத்தியும் சிரித்தாள். போகும்போது உபதேசம் வேறு: "மொபைல் காட்டி ஊட்டாதீங்க. பசிச்சா தானா சாப்பிடும்." நான் மொபைல் காட்டுவதே இல்லை. காட்டியிருந்தாலாவது ஒரு வாய் கூடப் போயிருக்கும்.

வண்டியில் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அவமானத்தில் இல்லை, கோபத்தில்.

நவம்பர் 6, வியாழன்

மருந்து வாங்கவில்லை. சீட்டு ஹேண்ட்பேகிலேயே கிடக்கிறது. தினேஷிடம் சொன்னேன். "டாக்டர் சொன்னா கேளேன் வித்யா" என்றார். தி.க்கு யார் சொன்னாலும் சரி. டைல்ஸ் கம்பெனிக்காரன் சொன்னாலும் சரி, அம்மா சொன்னாலும் சரி. நான் சொன்னால் மட்டும் யோசிக்கணும்.

யாழிக்கு இதுவரை மற்றவர்கள் வைத்த பெயர்கள்:
அடம்.
செல்லம்.
வீஸிங்.
கண் திருஷ்டி. (மிளகாய் சுற்றியாயிற்று. கமறல் வந்து எல்லோரும் இருமினோம்.)
குடல் ஏத்தம்.
ப்ரைமரி காம்ப்ளக்ஸ்.
அம்மாவுக்குப் பொறுமை இல்லை.

கடைசி பெயர் என்னுடையது. அதையும் அவள் வியாதியில் சேர்த்துவிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

மாலை கொஞ்சம் வெயில். கங்கா அக்கா வகுப்புக்கு வந்தார். "இன்னா வித்யாம்மா, மூஞ்சி தொங்கிகினு கீது?" சொன்னேன். கேட்டுவிட்டு, "வேற டாக்டராண்ட இட்டுகினு போ. ஒரு கடையில காய் சொத்தையா இருந்தா அந்தக் கடையிலயே நின்னுகினு இருப்பியா?" என்றார். பிறகு நேராகப் போய்ப் புதரில் விட்டார். அடி இல்லை.

நவம்பர் 8, சனி

எழுத்து கோணல். எழுதிவிட வேண்டும்.

குரோம்பேட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. அத்தையும் வந்தார், நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க. சின்ன வயசு லேடி டாக்டர். ஸ்டெத்தை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், முதுகிலும் கழுத்திலும். நான் மறுபடி முதலிலிருந்து எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் யாழி தண்ணீர் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். வழக்கம்போல அண்ணாந்து குடித்தாள்.

அத்தைக்குத் தாங்கவில்லை. "எச்சில் பண்ணாது டாக்டர். கைக்கொழந்தையில இருந்தே அப்படித்தான்."

டா. பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "கைக்குழந்தையில இருந்தா? பால் குடிக்கறப்ப கூடவா?"

"ஆமா. கழுத்தப் பின்னாடி வளைச்சிகினுதான் குடிக்கும். திமிரு."

"யாரு சொல்லிக் குடுத்தீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை! பால் குடிக்கிற குழந்தைக்கு எச்சில் என்ன தெரியும்? நான் அத்தை பழக்கினார் என்று நினைத்தேன், அத்தை ரத்தத்திலேயே வந்தது என்று நினைத்தார். மூன்று வருஷமாக வருகிற போகிறவர்களிடம் எல்லாம் காட்டிக் கைதட்டினோம்.

"கழுத்தை அப்படி நீட்டினாத்தான் அவளுக்கு மூச்சுக்கும் முழுங்கறதுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குது. உள்ள ஏதோ அழுத்துதுன்னு நினைக்கறேன். பார்க்கலாம்" என்றார் டா. சத்தமே போடாமல் சொன்னார். எனக்குக் காதடைத்தது.

வெள்ளை மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே. இதயத்துக்கு எக்கோ. செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோவில் அத்தை யாழியின் தண்ணீர் பாட்டிலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

வெள்ளை மருந்தைக் குடிக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதி என் சுடிதாரில். படத்தில் உணவுக்குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது, பின்பக்கமிருந்து யாரோ விரலை வைத்து அமுக்கின மாதிரி. நானே பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு. இதை எடுக்கத்தான் மூன்று வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

எக்கோவில்: இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் எல்லோருக்கும் இடது பக்கமாக வளைந்து இறங்குமாம். யாழிக்கு வலது பக்கம். இப்படி வளைவு மாறியிருந்தால் சில குழந்தைகளுக்கு இதயத்திலும் கோளாறு இருக்குமாம், அதனால் அதையும் தேடிப் பார்த்தார்கள். சின்னதாக ஒரு ஓட்டை. "இது தானா மூடிக்கும். இதைப் பத்திக் கவலைப்படாதீங்க. பிரச்சனை இந்த ஓட்டை இல்ல, அந்த வளைவு" என்று இரண்டு தரம் சொன்னார். சி.டி. ஸ்கேன் எடுத்தால் முழுசாகத் தெரியும்.

தி. கூட வந்திருந்தார். திரும்பும்போது தாம்பரம் தாண்டியதும், "அந்த மருந்தை ஆறு மாசம் குடுத்தோமேடி" என்றார். குடுத்தோமே என்கிறார். மூக்கைப் பிடித்துக் கொடுத்தது நான்.

நவம்பர் 12, புதன்

நேற்று டா. இரண்டு தரம் சொன்னது என்ன? ஓட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இவர்கள் காதில் விழுந்தது என்ன? ஓட்டை.

ஊரப்பாக்கத்திலிருந்து தி.யின் அக்கா சுமதி காலையிலேயே வந்து இறங்கினார். வாசலிலேயே அழுகை. "ஹார்ட்டுல ஓட்டையாமே!" ஃபோன் மேல் ஃபோன். எல்லோருக்கும் ஓட்டை தெரிகிறது. சீரியலில் வருகிற வியாதி. ரத்தக்குழாய் பக்கம் மாறி வளைந்திருக்கிறது என்றால் "ஓ" என்றுவிட்டு மறுபடியும் ஓட்டைக்கு வருகிறார்கள்.

மதியம் சுமதி அண்ணி மெதுவாக ஆரம்பித்தார். "வித்யா, உங்க அப்பாவுக்குத்தானே ஹார்ட் அட்டாக் வந்தது?"

"அறுபத்தி நாலு வயசுல வந்தது அண்ணி. பீடி குடிச்சு வந்தது."

"இல்ல, வழிவழியா..."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் ஏதாவது பாத்திரம் பறந்திருக்கும். அண்ணாந்து குடிப்பது பரம்பரை என்று பீற்றிக்கொண்டார்களே, அதே அண்ணாந்து குடிப்பது இப்போது என் அப்பாவிடமிருந்து வந்ததாகிவிட்டது.

கேஸ் புக் பண்ணணும். மிக்ஸி ஜாரில் பிளேடு லூஸ்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று நடந்ததை நான் மன்னிக்கப் போவதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

வகுப்பு முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. அத்தை ஃபோன் எடுக்கவில்லை. சுமதி அண்ணியும் எடுக்கவில்லை. கடைசியில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். யாழி கண் வீங்கி, விக்கி விக்கி, உதட்டோரம் கீறல்.

தொக்கம் எடுக்கப் போனார்களாம்! பெருங்களத்தூர் பக்கம் ஒரு அம்மா. குழந்தை சாப்பிடவில்லையென்றால் வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, அதுதான் தொக்கம், அதைக் குழாய் வைத்து உறிஞ்சி வாயால் எடுப்பார்களாம். மூச்சு விடவே இடம் போதாத குழந்தையைப் பிடித்து அழுத்தி, வாயில் துணி வைத்து!

அண்ணி ஒரு பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தார். வெற்றி முகத்தோடு. "பாரு. இதான் சிக்கியிருந்தது."

சின்னதாக ஒரு கோழிக்கறித் துண்டு.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எதிர் வீட்டம்மா ஜன்னலைத் திறந்தார். அந்த நேரம் தி. வந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். எப்போதும்போல "விடு வித்யா" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் இன்றே என் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

"அம்மா," என்றார், "யாழி இதுவரைக்கும் கறியே சாப்பிட்டதில்லைம்மா. ஒரு தடவ கூட."

அத்தைக்கு முகம் மாறியது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? போன மதி அப்போதுதான் திரும்பியது. பொட்டலத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணி கடைசி ரயிலுக்கு முன்னாலேயே கிளம்பினார். நல்லது.

ப்ளே ஸ்கூல் மிஸ் பலூன் படம் அனுப்பியிருக்கிறார். குழந்தைகள் தின வாழ்த்தாம்.

நவம்பர் 17, திங்கள்

சனிக்கிழமை சி.டி. எடுத்தோம். இன்று நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி, இதய சர்ஜன். தி., நான், அத்தை. (நான்தான் வரச் சொன்னேன். கேட்கட்டும்.)

படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பெரிய குழாய் வலது பக்கம் வளைகிறது. இடது கைக்குப் போகிற கிளை அதிலிருந்து பிறந்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிறது. இடது பக்கம் ஒரு நார், பிறக்கும் முன்னால் ரத்தக்குழாயாக இருந்து சுருங்கிப்போனது. எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். வளையத்துக்குள்ளே என் பிள்ளையின் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும். வளையம் வளராது, பிள்ளை வளர்கிறாள். அதனால் இறுகுகிறது.

"இடது விலா வழியா போய் அந்த நாரை வெட்டி விட்டுடுவோம். வளையம் திறந்துடும். கர் கர் சத்தம் உடனே போகாது, சில மாசம் ஆகலாம். சாப்பாடு சீக்கிரம் இறங்க ஆரம்பிக்கும்."

நான் கேட்டேன், அத்தைக்கு நன்றாகக் கேட்கும்படி: "டாக்டர், இவ சாப்பிடாதது அடமா?"

அவருக்குப் புரியவில்லை. "அடமா? இந்த வழியில இவ்வளவு நாள் இவ்வளவு சாப்பிட்டிருக்காளே, அதுதான்மா பெரிசு. உங்களால."

உங்களால. அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அழக்கூடாது என்று மேஜை மேல் இருந்த காலண்டரைப் படித்தேன்.

அபாயமும் சொன்னார், மறைக்கவில்லை. ரத்தம் போகலாம், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. தி. கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

வீட்டுக்கு வந்ததும் யாழி தண்ணீர் குடித்தாள், அண்ணாந்து. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். "வாய் வச்சே குடிடா கண்ணு, எச்சில் பண்ணா இன்னா" என்றார். யாழி கேட்கவில்லை, எப்படிக் கேட்பாள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

தி. வேண்டாம் என்றார். போனேன். பழைய டாக்டர் கிளினிக், கையில் சி.டி. ரிப்போர்ட்.

படித்தார். முகத்தில் ஒன்றுமில்லை. "ரொம்ப ரேர்மா. நான் கூட அப்பவே ஒரு எக்கோ எடுக்கலாம்னு நினைச்சேன்."

நினைத்தாராம்!

"நினைச்சதை சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"பேரண்ட்ஸ் பயந்துடுவாங்க."

ஆறு மாதம் ஆரஞ்சு மூத்திரத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை பாருங்கள். சொல்ல நினைத்தது ஆயிரம். வாயில் வந்தது ஒன்றுதான்: "டாக்டர், அடுத்த குழந்தை கழுத்தைப் பின்னால சாய்ச்சு குடிச்சா நிமிர்ந்து பாருங்க. அது மட்டும் போதும்." காம்பவுண்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வெளியே காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னாக்கா ஆச்சு?" என்றாள். நின்று சொன்னேன். முழுசாக. உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

நவம்பர் 20, வியாழன்

அட்மிட். காலையில் முடிச்சூரில் கணுக்கால் அளவு தண்ணீர். தி. கடையில் கீழ் அடுக்கு டைல்ஸ் பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு வந்தார். புக் பண்ணின கார் வர மறுத்து, கங்கா அக்காவின் தம்பி ஆட்டோவில் மெயின் ரோடு வரை. அக்கா கூடவே வந்து பையைத் தூக்கினார். "ஒண்ணும் ஆவாது. நான் லைசென்ஸ் எடுத்துகினு வர்றதுக்குள்ள அது சோறு துன்னும்" என்றார். அப்படியென்றால் ரொம்ப நாளாகும்.

ரத்தம் எடுத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்தார், சளி இல்லை, சரி என்றார். நாளைக் காலையிலிருந்து எதுவும் தரக்கூடாது. பால், கஞ்சி, எதுவும்.

மறக்காமல்: யாழியின் மஞ்சள் போர்வை, மொபைல் சார்ஜர், அத்தையின் பிரஷர் மாத்திரை.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. யாழிதான் முதல் கேஸ் என்றார்கள். அவசரமாக வேறொரு பச்சைக்குழந்தை வந்துவிட்டது, அதனால் தள்ளிப்போகிறது. நேரம் சொல்ல முடியாதாம். அந்தக் குழந்தையின் அம்மாவைப் பார்த்தேன், என்ன சொல்ல. யாழிக்குப் பச்சை கவுன், உள்ளே இரண்டு யாழி நுழையலாம். கையில் ஊசி. தண்ணீரும் நிறுத்தியாயிற்று.

கொஞ்ச நேரம் விளையாடினாள். பிறகு விளையாட்டை விட்டுவிட்டு என் துப்பட்டாவை இழுத்தாள். "அம்மா, வயிறு வலிக்குது."

எனக்கு உயிர் போய்விட்டது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், யாழியிடம் என்னவோ கேட்டார். பிறகு சிரித்தார். "வலி எல்லாம் இல்லம்மா. பசி. பசிக்குதுன்னு சொல்லத் தெரியல."

தெரியாதுதான். எழுந்ததிலிருந்து தூங்கும் வரை ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். பசிக்க நான் விட்டதே இல்லை. விட்டால் செத்துவிடுவாள் என்று பயம். அந்தச் சொல்லே அவளிடம் இல்லை.

"எதனா ஒரு வாய்..." என்று அத்தை சிஸ்டரிடம் கெஞ்சினார். சிஸ்டர் கூடாது என்றார். தி. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பசி என்றால் இதுதான்டா என்று சொல்லிக் கொடுத்தேன். "பசி" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, நான் கேட்காமலே, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். மூன்று வருஷம் இதற்காகத்தான் கெஞ்சினேன். இப்போது கொடுக்கக்கூடாது. ட்ராலி வந்துவிட்டது.